விடுமுறைக்கு வந்தவர்கள்

கடலோரக் கூடார முகாமைப் பார்த்ததும் பெனெதீத்தா துள்ளிக் குதித்தாள். பைன் மரங்கள், மணல், ஊஞ்சல், கூப்பிடு தூரத்தில் அலை. அவளுடைய அம்மா ஒட்டீலியா இவை எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போய், அங்கே ஒட்டியிருந்த கால அட்டவணையை விரல் வைத்துப் படித்தாள். முதல் பேருந்தே ஏழு மணிக்குத்தான். ஆறு மணிக்கெல்லாம் அவள் லிஸ்பனில், ஒரு வங்கிக் கட்டடத்தில் துடைப்பமும் கையுமாக நிற்க வேண்டும். இன்னொரு முறை தாமதித்தால் வர வேண்டாம் என்று மேற்பார்வைக்காரி போன வாரமே சொல்லிவிட்டாள்.

“இது வேணாம்,” என்றாள்.

“ஊஞ்சல் இருக்கும்மா.”

“ஊஞ்சல்ல ஏறி லிஸ்பன் போக முடியாதுடி. வண்டில ஏறு.”

அன்று காலையில்தான் கணவனும் மனைவியும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். கட்டடத்தை வாங்கிய புண்ணியவான் அறை அறையாகத் தடுத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறானாம். வேறு வீடு தேடி மூன்று மாதம் அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அதனால்தான் இந்த யோசனை. வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் கூடாரம் போட ஒரு துண்டு மண்ணாவது கிடைக்காதா என்று கிளம்பியிருந்தார்கள். வேன் மச்சானுடையது. இருட்டுவதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் இடம் அமையாவிட்டால் இரவு எங்கே என்று ஒட்டீலியாவுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முகாமில் இடமே இல்லை. மூன்றாவது அழகென்று எதுவும் இல்லாத இடம். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் தண்டவாளம். வேனை நிறுத்தும்போதே ஒரு ரயில் தடதடவென்று கடந்துபோனது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஒட்டீலியாவுக்கு நிம்மதியில் அழுகை முட்டியது. விடியற்காலையிலேயே லிஸ்பனுக்கு ரயில் உண்டு என்று வாசலில் இருந்தவன் சொன்னான்.

முகாமை நடத்தும் டோனா ஃபெலிஸ்பேலா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மூவரையும் பார்த்தாள்.

“செப்டம்பர் முடியப்போகுது. பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. இப்ப என்ன விடுமுறை?”

ஒட்டீலியாவின் கணவன் வல்டெமாருக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையைத்தான் அவன் எப்போதும் முந்திக்கொண்டு செய்வான்.

“நாங்க பிரான்ஸ்ல இருக்கோம். அங்க இன்னும் தொறக்கல.”

“அப்படியா? வேன் மட்டும் இந்த ஊர் நம்பரோட நிக்குது.”

வல்டெமாரின் காது சிவந்தது. ஒட்டீலியா கை வைத்து அவனை ஒதுக்கினாள். “ரெண்டு வாரம்தாங்க. கொஞ்சம் ஓய்வா இருக்கலாம்னு வந்தோம்.”

“வாங்க, இருங்க. ஆனா ஒண்ணு. இங்க விடுமுறைக்கு வர்றவங்களுக்குத்தான் இடம். குடியிருக்கிற ஆளுங்கன்னு தெரிஞ்சா நகராட்சி என் முகாமைப் பூட்டிரும். அதுக்கு முன்னாடி நான் அவங்களை அனுப்பிருவேன். புரியுதா?”

புரிந்தது. சுற்றுலாக்காரர்களுக்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் இனி சுற்றுலாக்காரர்களாக நடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடித்தார்கள். ஞாயிறு காலை வல்டெமார் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். பக்கத்துக் கூடாரத்து எர்மீனியோ கரியில் மத்தி மீன் வாட்டிக்கொண்டே ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசினார்.

“வடக்க எங்களுக்குத் தோட்டத்தோட வீடு இருக்கு தம்பி. டாக்டர் கடல் காத்து நல்லதுன்னாரு. அதான் வந்து விழுந்து கெடக்கோம்.”

“கடல் எங்க இருக்கு?” என்று கேட்டான் வல்டெமார்.

“காத்து வருதுல்ல, அது போதும்,” என்றார் அவர்.

அவர் மகள் மஃபால்தா, நெடுநெடுவென்று வளர்ந்தவள், பெனெதீத்தாவுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தாள். ஒட்டீலியாவுக்கு அவர்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. உண்மையான விடுமுறைக்காரர்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பிலேயே, பழக்க தோஷத்தில், அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஞாயிறு என்றால் மகளின் பள்ளி அங்கியைத் துவைக்கும் நாள். உடைக்கு மேலே போடுகிற வெள்ளை அங்கி, மார்புப் பையில் சிவப்பு நூலில் பெயர். தொட்டியில் கசக்கி, இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, நன்றாக உதறிக் காயப் போட்டாள். திரும்பினால் டோனா ஃபெலிஸ்பேலா நிற்கிறாள்.

“பிரான்ஸ்லயும் இதே அங்கிதானா?”

ஒட்டீலியா மானம் போனால் போகட்டும் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களை அனுப்பிராதீங்கம்மா. இந்த ரயில விட்டா எனக்கு வேலை இல்ல. போறதுக்கு வேற இடமும் இல்ல. புள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?”

டோனா ஃபெலிஸ்பேலா கையை விடுவித்துக்கொண்டாள். சாலைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“ரோட்டுல போறவன் கண்ணுல படுற மாதிரியா போடுவாங்க? எடு இத. குளியலறைக்குப் பின்னாடி ஒரு கொடி இருக்கு. அங்க போடு.”

ஒட்டீலியா ஈர அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். குளியலறைச் சுவருக்குப் பின்னால் நீளமான கொடி. அதில் மருத்துவமனைப் பணியாளரின் நீலச் சட்டைகள், பேக்கரித் தொப்பிகள், விடுதிப் பணிப்பெண்களின் கறுப்பு உடுப்புகள், நடுநடுவே பள்ளி அங்கிகள். ஓர் இடுக்குக்கூட மிச்சமில்லை. முகாம் முழுவதும் அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. காவலாளிச் சட்டை ஒன்றில் எர்மீனியோவின் பெயர் இருந்தது.

அவர் மனைவி ஜசிந்தா வாளியோடு நின்றிருந்தாள். அந்தச் சட்டையை நகர்த்தி இடம் பண்ணினாள்.

“இங்க போடு. இங்கதான் வெயில் நிக்கும்.”

பக்கத்தில் மஃபால்தாவின் அங்கி தொங்கியது. அதன் கீழ் ஓரத்தில் மடிப்புப் பிரித்து இறக்கிய பழைய தடங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று. ஒட்டீலியா பார்ப்பதை ஜசிந்தா பார்த்தாள்.

“இனிமே இறக்க உள்ள துணி இல்ல,” என்றாள். “இங்க வந்தப்போ மஃபால்தா உன் பொண்ணு உயரந்தான் இருந்தா.”

ஒட்டீலியா மகளின் அங்கியைக் கொடியில் போட்டாள். கை தானாக அதன் ஓரத்துக்குப் போனது. உள்ளே எவ்வளவு துணி மடித்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த ஈரத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.