மறுமுனையைப் பிடித்தவர்

தையல்காரியின் வீட்டு வாசல் ஆறு ஆண்டுகளில் ஆறரை அடி உயரத்திலிருந்து மூன்றேகால் அடியாகக் குறைந்திருந்தது, அவளுக்கு மட்டும். அவள் புருஷன் அதே வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு நிமிர்ந்து போய்வந்தார். வருகிற விருந்தாளிகளும் அப்படித்தான். சட்டையின் தோளைக் கண்ணால் பார்த்தே கால் அங்குலம் பிசகாமல் சொல்பவள் அவள். வாசலை அவள் அளந்தால் முப்பத்தொன்பது அங்குலம் வந்தது. அதே இஞ்சு டேப்பை வாங்கி அவர் அளந்தால் எழுபத்தெட்டு. டேப்பும் புதிதுதான். இது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

குறைகிற முறை எளிமையானது. அவர் ஒருமுறை கை ஓங்கி இறக்கினால் அரை அங்குலம். அறைந்தாலும் அரை, பிடித்துத் தள்ளினாலும் அரை, பாரபட்சம் கிடையாது. மன்னிப்புக் கேட்டால் ஏறுமா என்றால் ஏறாது, அதையும் அவள் பலமுறை அளந்து பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் உயரத்தை எடுத்து, வாடிக்கைக்காரர்களின் மார்புச் சுற்றுக்கும் கை நீளத்துக்கும் நடுவே, தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பாள். புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர், பொறுமைக்குப் பேர்போனவர். எறும்பு குறுக்கே போனாலும் பிரேக் போடுவார் என்று தெருவே மெச்சும். எறும்பின் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்குமா என்ன.

நாத்தனாரிடம் சொன்னாள். "கொஞ்சம் குனிஞ்சு போனா தேஞ்சா போயிடுவ? நாங்கல்லாம் தவழ்ந்தே குடும்பம் நடத்தினவங்க" என்றார் அவர், பெருமையாக. காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் வந்தார். புருஷன் நாற்காலி போட்டார். காவலர் தனியாக நின்று அளந்து, 'வாசல் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, தன் மச்சானுக்கு எத்தனை நாளில் கார் ஓட்ட வரும் என்று விசாரித்துக்கொண்டு, போகும்போது "குடும்பம்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும், ஒரு ஆசாரியக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார். சட்டத்தை மதிப்பவள் ஆகையால் ஆசாரியைக் கூப்பிட்டாள். அவரும் சட்டத்தை இழைத்துவிட்டுப் போனார். ஊரைக் கூட்டியதற்காக அந்த வாரம் மட்டும் வாசல் ஒன்றரை அங்குலம் இறங்கியது. இன்னும் ஒரு சாண் போனால் வெளியே வரவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

நீதிமன்றத்தின் மூன்றாவது மாடியில் இலவச சட்ட உதவி மையம் இருந்தது, லிஃப்ட் இரண்டாவது மாடிவரை மட்டும். அங்கே இருந்த வக்கீலம்மா அவள் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அந்த வாரத்தில் அது நான்காவது வாசல். பாதுகாப்பு உத்தரவு வாங்கினால் அவர் கிட்டவே வரக்கூடாது, வீட்டைவிட்டுப் போகவேண்டியதும் நீயல்ல, அவர்தான் என்று நிதானமாக விளக்கினார். அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், இரண்டு செட் துணி எல்லாம் ஒரு பையில் பக்கத்தில் யாரிடமாவது இருக்கட்டும் என்றார். அவசரத்துக்கென்று அவர் கொடுத்த செல் எண்ணைத் தையல்காரி ஒரு புது வாடிக்கைக்காரியின் பேரில் இடுப்பு, தோள், கை என்று பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டாள். புருஷன் அதைப் புரட்டிவிட்டு, "யாருடி இவ, தோளு தொண்ணூத்தெட்டு?" என்று சிரித்ததோடு சரி.

"ஆனா ஒண்ணு" என்றிருந்தார் வக்கீலம்மா. "உன் அளவை நீ எடுத்த, அவர் அளவை அவர் எடுத்தாரு. நீதிபதிக்கு ரெண்டும் ஒண்ணுதான். மனு போட்டாச்சு, விசாரணை வர்ற வியாழக்கிழமை."

செவ்வாய்க்கிழமை மாடிவீட்டு அக்கா சட்டை தைக்க வந்தார். கீழே சத்தம் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடும் நாகரிகமான மனுஷி. அவர் முதுகில் டேப்பை வைத்தபோதுதான் தையல்காரிக்கு உறைத்தது: எப்பேர்ப்பட்ட தையல்காரியாலும் தன் முதுகைத் தானே அளக்க முடியாது. இன்னொரு கை வேண்டும்.

"அக்கா, இந்த முனையக் கொஞ்சம் தரையோட பிடிங்க" என்று வாசலுக்கு அழைத்துப் போனாள்.

அக்கா பிடித்தார். முப்பத்தேழரை. நிமிர்ந்தவர் நெற்றியில் நிலையின் மேல்கட்டை நங்கென்று இடித்தது.

"இதுலயா இத்தன வருஷமா போயிட்டு வர்ற?"

"நீங்க டிவி பாத்துட்டு இருந்தீங்க."

அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாக்கலடி. கேட்டுச்சு. கேக்கக்கூடாதுன்னுதான் வச்சேன்" என்றார். வியாழக்கிழமை விசாரணையையும், யாரிடமாவது கொடுத்துவைக்க வேண்டிய பையையும் தையல்காரி சொன்னதும், "எங்க கையெழுத்துப் போடணும்? பையையும் குடு, எங்க வீட்ல இருக்கட்டும்."

வியாழக்கிழமை நோட்டில் இருந்த எண்பத்தொரு தேதிகளையும் நீதிபதி படித்தார். வெள்ளிக்கிழமை நீதிமன்ற ஊழியர் வந்து, அக்காவை மறுமுனை பிடிக்கச் சொல்லி அளந்தார். முப்பத்தேழரை. அவர் நெற்றியும் வீங்கியது. அன்று மாலையே உத்தரவு வந்தது. புருஷன் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசலில் தவழ்ந்து வெளியேறினார். வழியில் எறும்பு இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. உத்தரவு நிற்கும் ஒவ்வொரு மாதமும் வாசல் அரை அங்குலம் ஏறுகிறது.

மூன்றாவது மாடியில் இப்போது புதுப் படிவம் தருகிறார்கள். அளவு, தேதி, அதற்குக் கீழே ஒரு கட்டம்: மறுமுனையைப் பிடித்தவர் பெயர். அதை ஒருவர் நிரப்பிவிட்டால், யார் அளந்தாலும் ஒரே அளவுதான் வருகிறது.