இடது தோளருகே

கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகக் காகெம்போ தன் மேஜையை எட்டிப் பார்த்தான். தலைமை மேஜை. பிஷப்பின் வலப்பக்கம், முதலில் பரிமாற வேண்டிய நாற்காலியில், ஊதாப் பட்டுக் கோமேசி அங்கி உடுத்திய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெண் கேட்கப் போன அன்று, முற்றத்தின் மறுகோடியில், ஒரே ஒரு முறை அவளைப் பார்த்திருக்கிறான். அன்றும் இப்படித்தான் தலையைச் சற்றே சாய்த்திருந்தாள். அவன் மனைவி நப்போசா சாய்ப்பதும் அப்படியே.

மாமியார்.

அவன் கதவை விட்டு நகர்ந்தான். மாமியாரும் மருமகனும் தொட்டுக்கொள்வதில்லை. கைக்குக் கை எதுவும் கொடுப்பதில்லை. ஒற்றையடிப் பாதையில் எதிர்ப்பட்டால் ஒருவர் வாழைத்தோட்டத்துக்குள் ஒதுங்கிவிடுவார். மீறினால் இருவரில் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கும், பிறகு நிற்காது. அவனுடைய சித்தப்பா ஒருவர் நெரிசலான வேனில் மாமியார் மேல் சரிந்துவிட்டார். அதன்பின் சாகும்வரை டீயை மேஜையில் வைத்துக் குனிந்துதான் உறிஞ்சினார்.

காகெம்போவின் பிழைப்போ கையில் இருந்தது. இடக்கையில் தாம்பாளம், வலக்கையில் கரண்டியையும் முள்கரண்டியையும் இடுக்கிபோலப் பிடித்து, விருந்தாளியின் இடது தோளருகே குனிந்து, தட்டில் வைக்க வேண்டும். கம்பாலாவில் மற்ற ஓட்டல்களெல்லாம் வரிசையில் நின்று அள்ளிக்கொள்ளும் விருந்துக்கு மாறிவிட்டன. இந்த ஓட்டல் மட்டும் பழைய முறையை விடவில்லை. அவனுடைய தற்காலிக வேலை இந்த வாரத்தோடு முடிகிறது. இன்றைய விருந்து நன்றாக நடந்தால் நிரந்தரம் என்று மேலாளர் ம்வாக்கியோ வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஓபோலோட், என் மேஜைய நீ எடுத்துக்கிறியா?"

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஓபோலோட் நிமிர்ந்தான். "எதுக்குண்ணே?"

"என் மாமியார் உட்கார்ந்திருக்காங்க."

ஓபோலோட் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு மெல்லச் சீட்டியடித்தான். "எங்க ஊரு சொரோட்டியில மாமியார் வந்தா ஜன்னல் வழியா குதிச்சு ஓடிருவோம். இங்க ஜன்னலுக்கும் கம்பி போட்டுட்டானுங்களே."

"விளையாடாத. எடுத்துக்க."

"நான் அந்த ரெண்டு கரண்டியப் பிடிச்சா பிஷப் மடியிலதாண்ணே மட்டோக்கே விழும். எனக்கு அது வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தன்னைத் தவிர அந்த வித்தை தெரிந்தவர் இன்று பணியில் யாரும் இல்லை. மற்ற மேஜைகளுக்குச் சமையலறையிலிருந்தே தட்டு நிரம்பிப் போகிறது.

ம்வாக்கியோ கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார். கென்யக் கடற்கரைப் பக்கத்துக்காரர். காகெம்போ விஷயத்தைச் சொன்னான். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் மாமியார் உண்டுப்பா. பயப்படுவோம். நடுங்க மாட்டோம்."

"தாம்பாளத்தை மேஜை நடுவுல வெச்சுடறேன் சார். அவங்களே எடுத்துக்கட்டும்."

"அவங்களே எடுத்துக்கறதுன்னா எனக்கு நீ எதுக்கு?"

காகெம்போ கண்ணாடி வழியாக மறுபடி எட்டிப் பார்த்தான்.

"அவங்கள மட்டும் விட்டுட்டு..." என்று காகெம்போ இழுத்தான்.

"மாதர் சங்கத் தலைவிய விட்டுட்டு மத்தவங்களுக்குப் போடுவியா? அதுக்கு நீ இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்." அவர் கதவைத் திறந்து பிடித்தார். "போ. மட்டோக்கே ஆறுது."

மட்டோக்கே என்கிற மசித்த வாழைக்காய் மஞ்சளாக, ஆவி பறக்கத் தாம்பாளத்தில் இருந்தது. அரிசிச் சோறு போல உதிர்ந்து விழுகிற பண்டமல்ல அது. கரண்டியில் ஒட்டும். வெந்நீரில் நனைத்துக்கொண்டாலும் முள்கரண்டியால் ஒரு தள்ளு தள்ளினால்தான் தட்டுக்கு வரும். அந்தத் தள்ளு முடியும்வரை அவள் தோளருகே குனிந்தே நிற்க வேண்டும்.

அவன் நடந்தான். பாதி வழியில் அவள் அவனைப் பார்த்துவிட்டாள்.

சால்வையைத் தலைக்கு இழுத்து முகத்தைப் பிஷப்பின் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுந்து போக வழியில்லை. ஒரு பக்கம் பிஷப், மறுபக்கம் அவர் மனைவி. பின்னால் சுவர், நடுவே அவன் வந்து நிற்கும் அளவுக்கு மட்டும் இடைவெளி. தனக்குத்தான் வழியில்லை என்று இதுவரை நினைத்திருந்தான்.

"ஏம்மா, குளிருதா?" என்று பிஷப் கேட்டார்.

"இல்லைங்கய்யா" என்றாள். அவள் குரலை அவன் கேட்பது அதுதான் முதல் முறை.

குனிந்தான். அவள் உடல் வலப்பக்கம் ஒடுங்கியது. ஆனால் கோமேசியின் தோளில் கொம்புபோல நிமிர்ந்து நிற்கும் துணிமுனை ஒடுங்கவில்லை. அது இருந்த இடத்திலேயே நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியை இறக்கினான். மட்டோக்கே ஒட்டிக்கொண்டது. தள்ளினான். அந்தத் தள்ளலில் அவன் சட்டையின் கைவிளிம்பு, ஊதா முனையை உரசிக்கொண்டு போயிற்று.

துணியில் துணி. அது தொட்டதாகுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான். அவளிடம் அவன் பேசக்கூடாது.

நிமிர்ந்து, பிஷப்பிடம் நகர்ந்தான். பிறகு அவர் மனைவி. பிறகு மற்றவர்கள். ஒவ்வொரு தோளருகிலும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுங்கவில்லை. வேர்க்கடலைச் சாற்றை ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றியது. சுவரோரம் நின்ற ம்வாக்கியோ இருமுறை தலையசைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று அந்தத் தலையசைப்புக்குப் பொருள்.

தட்டுகளை எடுக்கும் நேரம் வந்தது. அவள் தட்டில் மட்டோக்கே அவன் வைத்தபடியே, முள்கரண்டியின் நான்கு கோடுகளோடு இறுகிப்போயிருந்தது. ஓபோலோட் எங்கிருந்தோ முந்திவந்து அந்த ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில், "காப்பி என்னால முடியாதுண்ணே, கெட்டில நீதான் பிடிக்கணும்" என்று முணுமுணுத்தான்.

காப்பி வலப்பக்கத்திலிருந்து. முதலில் அவளுக்கு.

அவன் கெட்டிலோடு திரும்பியபோது அவள் தண்ணீர்க் குவளையை எடுத்திருந்தாள். குவளைக்குள் தண்ணீர் ஆடியது. உதட்டுக்குப் போகும் முன்பே அதைக் கீழே வைத்துவிட்டாள். வலக்கையை இடுப்புப் பட்டைக்கடியில் செருகி, இடக்கையால் அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

ம்வாக்கியோவின் மோவாய் உயர்ந்தது. போ என்று அர்த்தம்.

இரண்டு எட்டு வைப்பதற்குள் அவள் இடக்கை மேஜைமேல் வந்தது. காப்பிக் கோப்பையைப் பிடித்து அதன் சிறுதட்டின்மேல் கவிழ்த்தது. பீங்கான் பீங்கானில் பட்டுச் சிறிது நேரம் கிடுகிடுத்தது. பிறகு ஓய்ந்தது.

காப்பி வேண்டாம் என்று கவிழ்த்த கோப்பையைத் தாண்டிப் போகலாம். அதற்குப் பரிமாறும் விதி இடம் கொடுக்கிறது. அவன் தாண்டினான். பிஷப்பின் கோப்பையில் காப்பி மெல்லிய நூலாக இறங்கியது, ஆடாமல்.

விருந்து கலைந்தபின் ம்வாக்கியோ அவன் முதுகில் தட்டினார். "உன் கைதான்பா கை. கல்லு மாதிரி நின்னுச்சு. பொழுதுக்கும் மாமியார் மாமியார்னியே, பாத்தியா?"

காகெம்போ கையை நீட்டிப் பார்த்தான். உண்மைதான். அது கல்போலத்தான் இருந்தது. குவளைக்குள் ஆடிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. இதை நப்போசாவிடம் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.