வயிற்றில் வெயில் வாங்கும் பறவை

காஜா பெராங் தெருவில் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகளை இன்னும் கழற்றவில்லை. சாரதாம்பாள் வீட்டு வாசலில் கோலம் பளிச்சென்று இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு மகள் ஜெயாவைப் பெண் பார்க்கத் தெங்கேராவிலிருந்து வருகிறார்கள்.

பின்னறையில் குடியிருந்த பூங்காவனம் கணவனை இழந்தவள். "நல்ல காரியம் முடியற வரைக்கும் வெளிய வராத. அந்த எலிக்குருவியையும் கொட்டகையில போடு. தலைகீழாத் தொங்குறதைப் பாத்தா அபசகுனம்னு நினைப்பாங்க" என்று சாரதாம்பாள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

நீண்ட வாலும், பிடரியில் நீலத் திட்டும் கொண்ட அந்தப் பறவையை மொம்பாசாவிலிருந்து கொண்டுவந்தவன் பூங்காவனத்தின் தம்பி சுப்பையன். கப்பலில் சமையல்காரன். பிறகு கடிதம் எழுதினான்: "அக்கா, இது எலியுமில்ல, கிளியுமில்ல. பறவைகள்ல இதுக்குன்னே தனி வரிசை இருக்காம், கப்பல் டாக்டர் சொன்னார். ஆப்பிரிக்கா முட்காடுதான் இதோட வீடு. அங்க ஏராளமா இருக்கு, அழிஞ்சிடுமோன்னு பயமே இல்ல. ஆனா கூட்டமா ஒட்டிக்கிட்டுத் தொங்கித்தான் தூங்கும். ஒண்ணை மட்டும் பிரிச்சுக் கொண்டு வந்தது என் தப்பு."

அதனால் பூங்காவனம் தன் கம்பளிச் சட்டையைக் கூண்டுக்குள் தொங்கவிட்டிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அது தூங்கும். விடிந்ததும் ஜன்னல் கம்பியில் தொங்கி, வயிற்றை வெயிலுக்குக் காட்டும்.

கொட்டகையில் இரவெல்லாம் மழை ஒழுகியது. சட்டை நனைந்து போயிற்று. காலையில் பப்பாளித் துண்டோடு போன ஜெயா அழுதுகொண்டே ஓடி வந்தாள். அவள் கையில் பறவை விறைத்துக் கிடந்தது.

"ஐயோ, இந்த நேரத்துலயா! லோங்கான் சாக்கடைல வீசிட்டுக் கையைக் கழுவு, லா!" என்று சாரதாம்பாள் பதறினாள்.

"வீசாதீங்க!"

பூங்காவனம் வெளியே வந்துவிட்டாள். பறவையை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனாள். வெயில் அங்கேதான் விழுந்திருந்தது. கோலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையில் அதை மல்லாத்தி, வயிற்றை வெயிலுக்குக் காட்டினாள்.

"எழுந்திரு பூங்காவனம்! வந்துட்டாங்க!"

மாப்பிள்ளையின் தாய் கமலவேணி வண்டியிலிருந்து இறங்கி நின்று பார்த்தாள். பறவையின் கால்விரல் ஒன்று அசைந்தது. பிறகு நான்கும் மடங்கி, பூங்காவனத்தின் விரலைப் பற்றின. கொண்டை எழுந்தது. பறவை அவள் முந்தானையில் விறுவிறுவென்று ஏறித் தொங்கியது.

"அட, உசிரு வந்துடுச்சே!" கமலவேணி கைதட்டினாள். "இந்தக் கைராசிக்காரம்மா யாரு?"

ஜெயா தாயைப் பார்த்தாள். சாரதாம்பாளின் கண்கள் நிறைந்தன.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க. நாந்தான் சகுனம் பாத்து இவளை அறையில அடைச்சேன், குருவியைக் கொட்டகையில போட்டேன். ஒதுக்கி வச்சா எந்த உசிரும் விறைச்சுத்தான் போகும். அபசகுனம் இவகிட்ட இல்ல, என் புத்தியிலதான் இருந்துச்சு."

பிறகு பூங்காவனத்தின் கையைப் பிடித்தாள். "வா, தாம்பாளத்தை நீதான் எடுத்துத் தரணும்."

தோளில் பறவை தொங்க, பூங்காவனம் எல்லோருக்கும் முன்னால் உள்ளே நுழைந்தாள்.