ரூமானா வைத்த பட்டப்பெயர்கள்

ரூமானாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாயைக் கட்டிக்கொண்டு ஐந்து வருஷம் பேராசிரியர் அன்பரசுவிடம் ஆராய்ச்சி மாணவியாகக் குப்பை கொட்டியதே பெரிய விஷயம். சொல்ல முடியாததையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தாள்.

அவள் ஆய்வேடு எழுதிய எடிட்டரில், மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் போதும். அச்சில் அது எண்ணாகிவிடும், கடைசிப் பட்டியலும் தானே வரிசைக்கு வந்துவிடும். ஒழுங்கான பிள்ளைகள் எழுதியவர் பெயரையும் வருஷத்தையும் வைப்பார்கள். இவள் ஒழுங்கான பிள்ளையா? இருபது பக்கம் இழுத்துவிட்டு ஒன்றுமே சொல்லாத கட்டுரைக்கு 'ஜவ்வு2015'. அன்பரசு எழுதியதற்கு 'சொட்டை2012'. எந்தப் பெயர் எங்கே விழுகிறது என்று பார்க்க, பக்கத்தின் ஓரத்தில் அவை தெரியும்படி ஒரு வரியும் சேர்த்திருந்தாள். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். மகராசி மறந்துவிட்டாள்.

சிதம்பரம் கீழவீதியில் சௌந்தரம் அக்கா கடையில் பிரிண்ட் எடுத்தவள், புரட்டிக்கூடப் பார்க்காமல் கடலூர் பஸ் ஏறினாள். மறுநாள் பகலுக்குள் ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஐந்து வருஷமும் அம்பேல். அன்பரசு கையெழுத்து இல்லாமல் அதை வாங்க மாட்டார்கள். அவரோ லீவில் மஞ்சக்குப்பம் வீட்டில் இருந்தார், நாலு மணிக்கு வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்புகிறார். பரங்கிப்பேட்டையில் உம்மா அமீருன்னிசா, மகள் டாக்டராகிவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொன்னதில், இரண்டு பேர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுவிட்டும் போயிருந்தார்கள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் கட்டைப் பிரித்தாள். ஓரமெல்லாம் அவள் வைத்த பட்டப்பெயர்கள். லேப்டாப் வீட்டில் கிடந்தது. திரும்பிப் போய் வர நேரமும் இல்லை.

அன்பரசு படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பதினான்காம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"சொட்டைன்னா நாந்தானா?"

"ஆமா சார்."

மறைத்து என்ன பிரயோசனம்? அவர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். ஜவ்வு யார் என்று விசாரித்து, அந்த ஆளுக்குச் சரியான பேர்தான் என்று சந்தோஷப்பட்டார். ரூமானாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அறுபத்தோராம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அங்கே ஓரத்தில் 'என்னுது2021' என்று இருந்தது.

துறைமுகத்து உப்புக்காற்றில் கான்கிரீட் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று வெயிலிலும் மழையிலும் இரண்டு வருஷம் அளந்து, ராவும் பகலும் அவளே எழுதிய கட்டுரை அது. இந்த ஆய்வேட்டில் பாதியும் அதே அளவுகள்தான். வெளிவந்தபோது முதல் பெயர் அன்பரசு, இரண்டாவது அவருடைய மச்சான். ரூமானா கடைசியில் நன்றி வரியில் இருந்தாள். அன்றைக்கு வயிறு பற்றி எரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுரைக்குப் பெயர் மட்டும் வைத்தாள்.

தன் பேரில் வந்ததற்கு இது என்ன பேர், மாற்றிக்கொண்டு வந்தால்தான் கையெழுத்து என்றார் அன்பரசு. ஒரே ஒரு வரியை அழித்தால் எல்லாப் பெயரும் அச்சிலிருந்து போய்விடும் என்று இவள் சொல்லிப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குள்ளும் அந்தப் பெயர் இருக்கக் கூடாதாம். மணி மூன்றரை.

ரூமானாவுக்குப் பயமும் இருந்தது, அதைவிடக் கோபம் அதிகம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ் தாளை உருவி எடுத்தாள். எல்லா ஆய்வேட்டிலும் முதலில் இருப்பதுதான். இதுவரை பதினைந்து பேருக்காவது அவர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். இவள் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

"இந்த ஆய்வேட்டிலுள்ள சோதனைகளும் முடிவுகளும் ரூமானா தாமே செய்தவை, வேறு எவருடையவும் அல்ல எனச் சான்றளிக்கிறேன்."

படித்துவிட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இதத்தான் சார் சுருக்கி என்னுதுன்னு போட்டேன். இது பொய்யின்னா கையெழுத்து போடாதீங்க."

அன்பரசு தாளைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பச்சைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.