நான்காம் அத்தியாயம்

எங்கள் பொருளாதாரத் துறைத் தலைவருக்கு ‘வட்டி’ என்று பட்டப்பெயர். சாவு வீட்டுக்குப் போனாலும் வட்டி விகிதம் பேசுகிற மனிதர். பணப்புழக்கம் கூடினாலும், மத்திய வங்கியை மக்கள் நம்பினால் விலைவாசி ஏறாது என்று இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஒரே கட்டுரையை வைத்துத்தான் பதவி, விருது, விமானப் பயணம் எல்லாம்.

அதில் ஒரு தப்பு இருந்தது. விலைக் குறியீட்டின் அடிப்படை ஆண்டை மாற்றும்போது, பழைய எண்களைப் புதியவற்றோடு சேர்க்க ஒரு பெருக்கல் எண் தருவார்கள். அவர் அவசரத்தில் அதற்கு முந்தைய மாற்றத்தின் எண்ணால் பெருக்கிவிட்டார். ஒரு வருஷத்து விலையேற்றமே காணாமல் போனது. அந்த வருஷம்தான் என் அம்மா பால் வாங்குவதை நிறுத்தினாள். வட்டியின் வரைபடத்திலோ விலைவாசி சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

அந்தக் கட்டுரையை எழுதியபோது நான் அவருடைய எம்.ஏ. மாணவி. அவர் கொடுத்த அட்டவணைகளை அப்படியே தட்டச்சு செய்தேன். அடிக்குறிப்பில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். நாலு வருஷம் கழித்து, அவரிடமே முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது தப்பு கண்ணில் பட்டது. அதை என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் ‘தேவையில்லை’ என்று எழுதி, தேதியோடு கையெழுத்திட்டுத் திருப்பித் தந்தார். நீக்கினேன். பட்டம் வந்தது, இங்கேயே வேலையும் வந்தது.

போன வாரம் அறைக்குக் கூப்பிட்டார். மத்திய வங்கியின் வட்டி விகிதக் குழுவில் அவருக்கு இடம் தரப்போகிறார்களாம். பழைய கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் தப்பைப் பிடித்துவிட்டார்கள்.

“ஒரு சின்னக் கடிதம்மா. தட்டச்சு பண்ணும்போது நீதான் எண்ணை மாத்திட்டதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு.”

“என் பதவி உயர்வு என்ன ஆகும் சார்?”

“அந்த ஃபைலும் என் மேஜைலதானே இருக்கு?”

வீட்டுக்குப் போய் அலமாரியைக் கொட்டித் தேடினேன். மூன்று வீடு மாறியும் தூக்கி எறியாத அந்த அத்தியாயம் கிடைத்தது. “இப்பவாவது வாயைத் திற” என்றார் என் கணவர்.

இன்று காலை அதை வட்டியின் முன்னால் வைத்தேன். அவர் முகம் வெளிறியது என்று எழுத ஆசைதான். வெளிறவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார்.

“அப்போ பதினெட்டு வருஷமா உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“என் கட்டுரையை வகுப்புல யார் நடத்துறது?”

“நான்தான்.”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு, அந்த வருஷத்து விலை இடிக்குதுன்னு பரீட்சையில எழுதினா. மறுமதிப்பீட்டுக்கு அந்தத் தாள் என்கிட்டதான் வந்துச்சு. அவளை ஃபெயிலாக்கினது யாரும்மா?”

அந்தப் பெண் மேற்கொண்டு படிக்க வரவில்லை. அவளுடைய விடையின் ஓரத்தில் நான் எழுதியது ஞாபகம் வந்தது. சிவப்பு மையில், ‘தேவையில்லை’.

அவர் தயாராக வைத்திருந்த கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். தப்பு என்னுடையது என்று அதில் இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.