தரையோரம் தெரிந்த கை

குளிர்காலம் பிறந்தால் எங்கள் மியாகோ தீவில் மூதாய்ச் சாமிகள் இறங்குவார்கள். அதாவது, என் மனைவி கமாடோவும் இன்னும் சில பெண்களும் வெள்ளை உடுத்தி மேட்டுத் தோப்புக்குள் போய்ப் பட்டினி கிடப்பார்கள்; செத்துப்போன மூதாய்கள் அவர்கள் மேல் இறங்குவார்கள். உள்ளே நடப்பதை ஆண்கள் கேட்கக்கூடாது. வெளியே சாவே விழுந்தாலும் அவர்களுக்குச் சொல்லக்கூடாது. வீட்டில் கிழங்கு அவிப்பது யார் என்று இதுவரை எந்தச் சாமியும் கேட்டதில்லை.

அந்த வருடம் அவள் போன மறுநாளே என் மாமனார் ஷோகென் படுத்துவிட்டார். கமாடோ திரும்பும்வரை தாங்கமாட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நடுவில் ஒரு நாள் காலை சாமிகள் ஊருக்குள் பாடி வந்துவிட்டுத் தோப்புக்கே திரும்புவார்கள். அப்போது எல்லா வீட்டிலும் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பார்த்தால் குற்றம். வருவது வரட்டும் என்று நான் கிழவரின் பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, கதவைத் திறந்து வைத்தேன்.

"என்ன மாப்ளே பண்றே?"

"உங்க பொண்ணு இந்த வழியாத்தான் வருவா மாமா. ஒரு தடவை பாத்துக்குங்க."

"கிறுக்கா உனக்கு? வர்றது என் பொண்ணா? எங்கம்மா, அவங்கம்மா, எல்லாரும் வர்றாங்க. சாத்துய்யா கதவை."

"நான் சாத்தமாட்டேன்."

பாட்டு தெருமுனைக்கு வந்துவிட்டது. இலைக்கிரீடங்கள் தெரிந்தன. இரண்டாவதாக வந்தது கமாடோ. அந்த நடை எனக்குத் தெரியாதா? கிழவர் தலையைத் தூக்கவே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, தரையில் தவழ்ந்து, கையை நீட்டிக் கதவை இழுத்துவிட்டார். பாட்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனது.

அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார். அடக்கமும் முடிந்தது.

கமாடோ திரும்பியபோது வீட்டில் கிழவரின் பாய் இல்லை. அது கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கஞ்சியைக் கொடுத்தேன்.

"அன்னைக்குக் கதவைச் சாத்தினது யாருங்க?"

"உங்கப்பாதான். நான் முடியாதுன்னுட்டேன்."

"தரையோட தரையா ஒரு கை தெரிஞ்சுது. எந்திரிக்க முடியாமக் கெடக்காருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நிக்காம பாடிக்கிட்டே போனேன்."

"நீ நிக்கக்கூடாதுன்னுதான் சாத்தினாரு."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு தெருவே கேட்கும்படி "அப்பா" என்று அலறினாள். இப்போதுதான் அவர் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.