தபால் நிலையத்தில் குளிக்கும் நோயாளி

செக்கருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராகத் திரிந்த காலத்திலேயே அது தேய்ந்துபோய், கட்டிய மனைவியே "செக்கர், சாப்பிட வாங்க" என்று கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கண்கள் ஓய்வு பெறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தூங்குவதுபோலக் கண்ணை மூடினால்கூட இவருக்குச் சந்தேகம் வரும்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்தது அந்த வேலை. முடியாதவர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கைகால் அமுக்கிவிடும் ஒரு நிறுவனம். வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று செல்போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். வேலை முடிந்ததும் இன்னொரு முறை. அமுக்கிய இடமும் நோயாளியின் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று கணினியில் பார்ப்பது செக்கரின் பொறுப்பு. முதல் வாரத்திலேயே, மருமகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொத்தானை அமுக்கிய ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். அன்று முழுக்க அவர் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது வாரம் நர்ஸம்மா சிக்கினாள். அவள் படித்த நர்ஸ் இல்லை. வெள்ளைக் கோட்டால் வந்த பெயர். காலையில் அவள் வந்ததாகப் பொத்தானை அமுக்கியது பெரிய தபால் நிலையத்தில். மதியம் முடிந்ததாக அமுக்கியதும் அதே தபால் நிலையத்தில். நடுவில் செய்த வேலை: குளியல், கால் பயிற்சி, சாப்பாடு. சரி, நோயாளியின் முகவரியாவது என்னவென்று பார்த்தால், அதுவும் தபால் நிலையம்தான். ஒரு தபால் பெட்டி எண்.

"பொட்டிக்குள்ள யாரைக் குளிப்பாட்டுறா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார் செக்கர்.

மேனேஜரம்மா இரண்டு நாள் விடுப்பு. வந்ததும் கேட்டிருக்கலாம். ஆனால் மூக்கு வியர்த்த பிறகு காத்திருப்பது செக்கரின் ஜாதகத்தில் கிடையாது. மறுநாள் காலையிலேயே தபால் நிலையத்துக்குப் போய்விட்டார்.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இங்க குளியலறை எந்தப் பக்கம்?" என்றார்.

"வெளியாளுங்களுக்கு இல்ல சார்."

"எனக்கில்லம்மா. தினமும் ஒரு நோயாளி இங்க குளிக்கிறாங்களாமே?"

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க ஸ்டாம்புதான் சார் நனையும். தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

அவர் தள்ளி நிற்பதற்கும், கணினியில் படமாக மட்டும் பார்த்திருந்த நர்ஸம்மா வாசலில் தோன்றுவதற்கும் சரியாக இருந்தது. பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்துக்கொண்டாள், பொத்தானை அமுக்கினாள், வெளியேறினாள். செக்கர் பின்னாலேயே கிளம்பினார்.

பேருந்தில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை, அதுவரை அவரைப் பார்த்தே இராத நர்ஸம்மா கவனித்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, கண்ணில் பட்ட பல் மருத்துவமனைக்குள் நுழைந்தாள். ஆள் வருகிறானா என்று பார்க்கத்தான். ஆளும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தது.

"அடுத்தது யாரு? நீங்களா சார்? வாங்க" என்றாள் வரவேற்பறைப் பெண்.

இல்லை என்றால் குட்டு உடைந்துவிடும். செக்கர் உள்ளே போய் வாயைத் திறந்தார். மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, ஏன் சார் இத்தனை நாள் வரல?" என்று வருத்தப்பட்டார். கடைவாய்ப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமாம். "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்று எழுந்து ஓடிவந்தபோது நர்ஸம்மா தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் நடையைக் கூட்டினாள். இவரும் கூட்டினார். சந்துக்குள் ஒரு கட்டடத்தின் பின்கதவு வழியாக அவள் நுழைய, "மாட்டிக்கிட்டா" என்று முணுமுணுத்தபடி மூச்சிரைக்க இவரும் நுழைந்தார்.

அது காவல் நிலையம்.

"இவர்தான் மேடம். தபால் ஆபீஸ்லேர்ந்து பின்னாடியே வர்றார்" என்று நர்ஸம்மா கைகாட்டினாள்.

பெண் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "யாருய்யா நீ?"

"செக்கர் மேடம்."

"என்ன செக் பண்றே?"

பதற்றத்தில் செக்கருக்கு வேறு வார்த்தை வரவில்லை. "ஒரு அம்மா குளிச்சாங்களா இல்லையான்னு பார்க்கத்தான் மேடம் வந்தேன்."

அதன் பிறகு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். விடுப்பிலிருந்த மேனேஜரம்மா பாதி உலர்ந்த தலைமுடியோடு ஓடிவந்து, "இவர் எங்க ஆளுதான்" என்று சொல்லும்வரை யாரும் அவரை நம்பவில்லை.

வெளியே வந்ததும் மேனேஜரம்மா சொன்னாள். "அந்த நோயாளியம்மாவை மாடிப்படியிலேர்ந்து தள்ளிவிட்டது அவங்க புருஷன். அதுலதான் இடுப்பு போச்சு. இன்னும் தேடிட்டு அலையறான். அவங்க இருக்கிற இடம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு. அதான் தபால் பெட்டி. யாராவது பின்னாடி வந்தா வீட்டுக்குப் போகாதே, நேரா ஸ்டேஷனுக்கு வான்னு இன்ஸ்பெக்டர்தான் இவகிட்ட சொல்லி வச்சிருக்காங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க ரிப்போர்ட்ல எழுதுவீங்க. அதை ஆபீஸ்ல பாதிப் பேர் படிப்பாங்க."

எழுதியிருப்பார்தான். தெருப் பெயர், கதவு எண், வாசல் நிறம் வரைக்கும் எழுதியிருப்பார். செக்கருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நர்ஸம்மாவின் கோபம் இன்னும் தணியவில்லை. "அவங்க இன்னும் குளிக்கல சார், சாப்பிடல. எனக்காகப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. இதையும் செக் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் ஏற்பாடு செய்த ஆட்டோவில் ஏறிப் போனாள்.

அன்று செக்கர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பல்லு வலியா?" என்று மனைவி கேட்டதற்கு, "அதுவும்தான்" என்றார்.

மறுநாள் மேனேஜரம்மாவிடம் அவரே ஒரு யோசனை சொன்னார். இந்த ஒரு நோயாளிக்குப் பொத்தானும் வேண்டாம், இடமும் வேண்டாம். காலையில் நர்ஸம்மாவின் காதில் ஒரு சொல்லைப் போட்டு அனுப்புவோம். வேலை முடிந்ததும் அந்தம்மாவே ஆபீசுக்குப் போன் செய்து அதைச் சொல்லட்டும். சொன்னால், நர்ஸம்மா போனதும் உண்மை, அந்தம்மா குளித்ததும் உண்மை.

முதல் நாள் சொல் கத்திரிக்காய். அடுத்த நாள் சுரைக்காய்.

"ஏன் சார், நான் கணக்கு டீச்சரா இருந்தவ. கொஞ்சம் கௌரவமான காயாக் குடுக்கக் கூடாதா?" என்றது போனில் வந்த குரல். அடிபட்டு ஒளிந்து வாழ்பவரின் குரல் ஈனஸ்வரத்தில் இருக்கும் என்று நினைத்திருந்த செக்கருக்கு ஆச்சரியம். மறுநாள் முருங்கைக்காய் கொடுத்தார். அதையும் அந்தம்மா ஏற்கவில்லை.

ஒரு நாள் வேறொரு குரல் வந்தது. தேனாய் ஒழுகிய ஆண் குரல். "அக்கா உங்க பராமரிப்புலதான் இருக்காங்க சார். நான் அவங்க தம்பி. வெளியூர்ல இருந்தேன், அதான் வர முடியல. பழக்கூடை அனுப்பணும். அட்ரஸ் மட்டும் சொன்னீங்கன்னா..."

கேட்காமலே இத்தனை விளக்கம் சொல்கிறவனை நம்பக்கூடாது என்பது செக்கருக்குத் தெரியும். குரலைச் சாவகாசமாக வைத்துக்கொண்டார். "அப்படி யாரும் எங்ககிட்ட இல்லையே தம்பி."

"தபால் ஆபீஸ்ல விசாரிச்சேன் சார்."

"தபால் ஆபீஸ்ல யாராவது குளிப்பாங்களா? என்ன தம்பி பேசறீங்க!"

தேன் சட்டென்று வற்றியது. வந்த வசவுகளில் சில, பேருந்தில்கூட அவர் கேட்டிராதவை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். தபால் பெட்டி வேறு ஊர் அலுவலகத்துக்கு மாறியது. அடுத்த சில நாட்களில், தம்பியாக நடித்த அந்தப் புருஷனைப் பிடித்து உள்ளே வைத்த செய்தியும் வந்தது.

அன்று மதியம் அந்தம்மாவின் குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன. "மேனேஜரம்மா எல்லாம் சொன்னாங்க சார். உங்களை நேர்ல பார்க்கணும். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம். இங்க பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நேரா வந்து, இடது பக்கம் திரும்பினா..."

"ஐயையோ, சொல்லாதீங்கம்மா!" என்று அலறிய செக்கர் ரிசீவரைப் படாரென்று வைத்தார். ஆபீசே திரும்பிப் பார்த்தது. வியர்வையைத் துடைத்து நாற்காலியில் சாய்ந்தபோதுதான் அன்றைய காயைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. மறுபடி அவரே போன் செய்தார்.

"அம்மா, காயை மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."